விடுதி அறையில் விட்டுச்செல்லும் பிள்ளை யார் பொறுப்பு?

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்ததும், ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய் முதலில் போன் போடுவது தன் அம்மாவுக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. ஆனாலும் அம்மா கிளம்பி வந்துவிடுவார். அலுவலகம் ஒரு ஆளுக்குத்தான் அறை போட்டிருக்கும். கூடுதல் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பெண் தன் கையிலிருந்து கொடுப்பார். காலை ஒன்பது மணிக்கு மகள் கீழே பயிற்சி அரங்குக்குப் போய்விட, மூன்றாவது மாடி அறைக்குள் பாட்டியும் பேத்தியும் மட்டும். தூளி கட்ட அங்கே கொக்கி கிடையாது. தூளியிலேயே தூங்கிப் பழகிய பிள்ளை மெத்தையில் படுக்க மறுக்கும். பாட்டி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். பயிற்சி வகுப்பு, மருத்துவ மாநாடு, கல்யாண வரவேற்பு என்று எது நடக்கிற விடுதியானாலும் இப்படி நடக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கலாம்.

பாட்டி இல்லாதவர்கள், இருந்தும் வர முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலோர் போவதில்லை. "குழந்தை சின்னது சார், இந்தத் தடவை வேற யாரையாவது அனுப்புங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த தடவை அவர்களைக் கேட்பதே இல்லை. இதை யாரும் பாகுபாடு என்று எழுதி வைப்பதில்லை. ஆனால், ஐந்து ஆண்டுகள் கழித்து யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இந்தச் சின்னச் சின்ன 'வேண்டாம்'கள்தான் முடிவு செய்கின்றன.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பெரிய ஹோட்டல்களின் வசதிப் பட்டியலில் 'பேபி சிட்டிங் உண்டு, முன்கூட்டியே சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி ரிசப்ஷனில் கேட்டால் என்ன நடக்கும் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். சில இடங்களில் வெளியிலிருந்து ஏஜென்சி மூலம் பயிற்சி பெற்ற ஆயாவை வரவழைத்துத் தருகிறார்கள். வேறு சில இடங்களில், அப்போதுதான் ஷிப்ட் முடித்த ஹவுஸ்கீப்பிங் பெண்ணைக் கூப்பிட்டு, "மேடம் ரூம்ல ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பாத்துக்கோ" என்று அனுப்பிவைக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து அறை அறையாகப் படுக்கை விரித்து, குளியலறை தேய்த்துக் களைத்துப்போய் வந்திருக்கிறார். குழந்தை மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. பல ஹோட்டல்களில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கவும் அனுமதி கிடையாது. அவர் ஹோட்டலின் ஊழியர்கூட இல்லாமல் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கலாம். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால் வேலை போவது அவருக்குத்தான். அவர் நல்லவர், அன்பானவர், தன் பிள்ளையைப் போலவே பார்ப்பார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அன்பு இருக்கிறது என்பதற்காகப் பொறுப்பை அவர் தலையில் இறக்கிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வது குழந்தைக்கும் கேடு, அந்தப் பெண்ணுக்கும் அநீதி.

கல்யாண வீட்டு ஏற்பாடு இன்னொரு வகை. மேல் மாடி அறையில் பிள்ளை தூங்குகிறது, கீழே வரவேற்பு நடக்கிறது. ஆளுக்கொரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேசிக்கொள்வார்கள். ஒரு போனை வீடியோ காலில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. போர்ச்சுகலின் பிரயா டா லூஸ் என்ற கடற்கரை ஊரில் 2007 மே 3 அன்று காணாமல்போன மூன்று வயதுச் சிறுமி மடலின் மக்கானின் பெற்றோரும் நண்பர்களும் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி இரவு உணவு சாப்பிட்டுக்கொண்டு, முறைவைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளையை நேசிக்காதவர்கள் அல்ல, படித்தவர்கள், மருத்துவர்கள். முறைவைத்துப் பார்ப்பதில் இருக்கும் ஆபத்து, இரண்டு முறைகளுக்கு நடுவே யாருமே இல்லை என்பதுதான். ஆறு பேர் பார்க்கிறோம் என்று ஆறு பேருமே நிம்மதியாக இருந்துவிடுவோம்.

சரி, காசு கொடுத்து ஆள் வைத்துவிட்டால் போதுமா? ஜப்பானில் 2014 மார்ச்சில் நடந்தது அதற்குப் பதில். யோக்கஹாமாவில் வாழ்ந்த இளம் தாய் ஒருவர், ஆயாக்களையும் பெற்றோரையும் இணைத்துவைக்கும் இணையதளம் வழியே தன் இரண்டு பிள்ளைகளையும் ஒருவரிடம் ஒப்படைத்தார். இரண்டு வயது மூத்த பையன் சைதாமா மாகாணத்தில் அந்த ஆளின் குடியிருப்பில் இறந்து கிடந்தான். அந்த ஆள் வேறு பெயரில் பேசி ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளைகளை வாங்கிப்போக வந்தவரோ இன்னொருவர். அதுவரை ஜப்பானில் ஆறு குழந்தைகளுக்குக் குறைவாகப் பார்த்துக்கொள்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. நாடே அதிர்ந்த பிறகு விதி மாறியது. 2016 ஏப்ரல் முதல், ஒரே ஒரு குழந்தையைக் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பவரும் உள்ளூர் நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்றாகிவிட்டது. நம் ஊரில் இன்றைக்கு அப்படி ஒரு விதி இல்லை. செயலியில் நட்சத்திரம் எத்தனை என்று பார்த்துவிட்டு ஆளை வரவழைக்கிறோம். வந்து நிற்கும் முகமும் செயலியில் இருக்கும் முகமும் ஒன்றுதானா என்று எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்?

என் அண்ணன் மகள் வங்கி அதிகாரி. சென்னையில் ஒரு பயிற்சிக்காகக் குழந்தையோடு வந்து ஹோட்டலில் தங்கியபோது, ஏஜென்சி ஒன்று அனுப்பிய ஆயாம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். வந்ததும் அடையாள அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிடுங்கம்மா" என்று அவரே சொன்னார். கை கழுவினார். பிள்ளையைத் தூக்கப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் வளையலைக் கழற்றி உருட்டிவிட்டு, அதுவாக வரட்டும் என்று காத்திருந்தார். நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாப்பா தூக்கம் வந்தா காதைப் புடிப்பாளா, கண்ணைக் கசக்குவாளா?"

"காதைத்தான் ஆன்ட்டி இழுப்பா."

"தண்ணிக்கு என்ன சொல்லுவா?"

"இங்கி."

"வேர்க்கடலை, முட்டை ஏதாச்சும் ஒத்துக்காதா? ஜுரத்துக்கு மருந்து வச்சிருந்தா, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு சீட்டுல எழுதி வச்சிடுங்க. எழுதாத மருந்து எதையும் நான் குடுக்க மாட்டேன். உங்களைத் தவிர யாரு வந்து கேட்டாலும் பாப்பாவைத் தர மாட்டேன், உங்க வீட்டுக்காரரே வந்தாலும் நீங்க போன்ல சொல்லணும்."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அண்ணன் மகளின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. பயிற்சி தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆயாம்மாவை வரச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் தாய் அறையிலேயே இருந்தாள். பிள்ளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஒளிந்து ஓடாமல், "அம்மா போயிட்டு சாப்பாட்டு நேரத்துக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டே போனாள். குழந்தை கொஞ்சம் அழுதது. சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்னபடியே அம்மா வந்தபோது, அடுத்த முறை அழுகை குறைந்தது. நல்ல ஆளைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை: தாய் கேட்பதைவிட அதிகமாக அவர் கேள்வி கேட்பார். "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று வாசலிலேயே சொல்லி வழியனுப்பப் பார்ப்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

ஆயாம்மா அடுத்துச் செய்தது அறையைச் சுற்றிவந்தது. விடுதி அறைகள் பெரியவர்களின் கண் உயரத்துக்கு அமைக்கப்பட்டவை. தவழும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் வேறு அறை தெரியும். மேசை விளிம்பில் தொங்கும் கெட்டில் ஒயர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தலை மாட்டிக்கொள்ளும் அளவு இடைவெளி, பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் ஏறுவதற்குத் தோதாகப் போடப்பட்ட நாற்காலி, மினி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மதுப் புட்டி. குளியலறையில் நிறைத்துவைத்த பக்கெட். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளிடையேதான் மிக அதிகம். அதற்குக் குளமோ கடலோ வேண்டியதில்லை. கீசர் நீர் 60 டிகிரியில் இருந்தால் சில நொடிகளில் பிள்ளையின் தோல் வெந்துவிடும். ஆயாம்மா பக்கெட்டைக் கவிழ்த்தார், கீசரை அணைத்தார், நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுப் பால்கனிக் கதவைத் தாழிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஹோட்டல் தரும் தொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், ஒரு பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்களில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததை அடுத்து, அவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் 2011 ஜூனில் தடைசெய்யப்பட்டது. ஹோட்டல்களுக்கும் காப்பகங்களுக்கும் பழைய தொட்டில்களை அகற்ற 2012 டிசம்பர் 28 வரை கெடு கொடுத்தார்கள். கடையில் விற்கும் தொட்டிலோடு சட்டம் நின்றுவிடவில்லை. விடுதி அறைக்குள்ளும் போனது. இங்கே கிலுகிலுப்பைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால், ஹோட்டலின் ஸ்டோர் ரூமிலிருந்து தள்ளிக்கொண்டுவரும் தொட்டிலின் கம்பி இடைவெளி எவ்வளவு, அடிப்பலகை ஆடுகிறதா என்று சோதித்துப் பார்த்தது யார் என்று கேட்டால், ரிசப்ஷனில் இருப்பவர் மேனேஜரைப் பார்ப்பார்.

இவ்வளவையும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தாங்களாகவே தெரிந்துகொண்டு, தாங்களாகவே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய நிலை. விழிப்பான பெற்றோருக்குப் பாதுகாப்பு, விவரம் தெரியாதவருக்கு அவர்கள் அதிர்ஷ்டம் என்பதை நான் ஏற்க மாட்டேன். சட்டம் என்ன செய்கிறது? 2012 போக்சோ சட்டம், குழந்தைகளுக்குச் சேவை அளிக்கும் நிறுவனத்தின் உரிமையாளரோ நிர்வாகியோ ஊழியரோ பாலியல் குற்றம் செய்தால் அதைக் கூடுதல் கடுமையுடன் தண்டிக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் புகார் தராத நிறுவனத் தலைவருக்கும் தண்டனை உண்டு. தேவையான சட்டம், வலுவான சட்டம். ஆனால், அது நடந்த பிறகு வரும் சட்டம். அறைக் கதவைத் தட்டி உள்ளே வருபவர் யார் என்பதை முன்னாலேயே உறுதிசெய்யும் விதிதான் இல்லை.

அந்த விதிக்கான அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. தனியாகவும் நடத்தலாம், பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தும் நடத்தலாம். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதி உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. காப்பகம் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. நூறு அறை கொண்ட நட்சத்திர ஹோட்டலில் 50 பேருக்கு மேல்தானே வேலை செய்கிறார்கள்? சமையல்காரர், பரிமாறுபவர், ஹவுஸ்கீப்பிங், சலவை, காவல் எல்லாரையும் எண்ணினால் எளிதில் தாண்டும். அப்படியானால் அந்த ஹோட்டலில் ஒரு காப்பகம் இருந்தாக வேண்டும். எத்தனை ஹோட்டல்களில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

அந்தக் காப்பகம் முதலில் அங்கே படுக்கை விரிக்கும் பெண்ணின் பிள்ளைக்காக. அதே அறையில், அதே பயிற்சி பெற்ற ஆயாக்களிடம், விருந்தினரின் பிள்ளையும் மணிக்கணக்கில் கட்டணம் கட்டி இருக்கட்டும். ஊழியர்களின் பிள்ளைகள் தினமும் இருக்கிற இடத்தில் தரம் குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அவ்வப்போது வந்துபோகும் விருந்தினருக்காக மட்டும் திறக்கும் அறையில் அது தெரியாது. விருந்தினர் கட்டும் கட்டணம் காப்பகச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். பூட்டிய அறைக்குள் தெரியாத ஒருவரோடு ஒரு பிள்ளை தனியே இருப்பதைவிட, இரண்டு ஆயாக்களும் நான்கைந்து பிள்ளைகளும் இருக்கும், கண்ணாடி வைத்த கதவுள்ள கூடம் பல மடங்கு பாதுகாப்பு. வரும்போதும் போகும்போதும் யார் ஒப்படைத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்று கையெழுத்தோடு பதிவேடு. ஆயாக்கள் எல்லாருக்கும் காவல் சரிபார்ப்பு. மூச்சடைப்புக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் முதலுதவிப் பயிற்சி. பக்கத்து மருத்துவமனை எண்ணும் குழந்தைகள் உதவி எண் 1098-ம் சுவரில். இதில் எதுவும் ஆடம்பரமல்ல. கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1969-ல் டெல்லியில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பு, வேலை நடக்கும் மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே காப்பகம் நடத்திக் காட்டியது. அங்கே முடிந்தது, பளிங்குத் தரை போட்ட கட்டடத்தில் முடியாதா?

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் நேரான பதில் உண்டு: வேலைக்காக அனுப்புகிறவர்தான். 2022 மார்ச் 6 அன்று நியூசிலாந்தின் மவுன்ட் மாங்கனூயில் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை ஆட்டம் முடிந்ததும், இந்திய வீராங்கனைகள் பாகிஸ்தான் கேப்டன் பிஸ்மா மரூஃபின் கைக்குழந்தை ஃபாத்திமாவைச் சூழ்ந்துகொண்டு கொஞ்சிய படத்தை எல்லாரும் பார்த்தோம், பகிர்ந்தோம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் 2021-ல் கொண்டுவந்த கொள்கையின்படி, பிள்ளை பெற்ற வீராங்கனை துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம். அவருடைய பயண, தங்கும் செலவில் பாதியை வாரியம் ஏற்கும். பிஸ்மாவின் தாய் அப்படித்தான் கூடப் போனார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன ஸ்பெயின் நீச்சல் வீராங்கனை ஓனா கார்போனெல், கைக்குழந்தையை அழைத்துவந்தால் அது ஹோட்டல் அறைக்குள்ளேயே அடைந்துகிடக்க வேண்டும் என்ற நிபந்தனையால் விட்டுவிட்டுப் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில் முதல் தடவையாகக் குழந்தைகளுக்கு ஓர் அறை திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டில் இவ்வளவு மாற முடியும். நம் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் பயிற்சிக்கான உத்தரவிலேயே 'இரண்டு வயதுக்குள் பிள்ளை உள்ளவருக்குத் துணைக்கு வருபவரின் செலவு அல்லது காப்பகக் கட்டணம் வழங்கப்படும்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். தகப்பனுக்கும் அது பொருந்தட்டும்.

நட்சத்திர ஹோட்டல்களைப் பற்றியே பேசினால் இது வசதி உள்ளவர்களின் கவலை என்று தோன்றலாம். வேலூருக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையைத் தேடி மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் காட்பாடி ரயில் நிலையத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜ்களின் பெயர்ப் பலகைகளிலேயே வங்காள எழுத்தைக் காணலாம். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. கணவன்தான் மருந்துக் கடைக்கும் ரத்த வங்கிக்கும் பணம் கட்டும் வரிசைக்கும் ஓட வேண்டும். வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள்; தொற்றுக்குப் பயந்து மருத்துவமனைகள் வைத்திருக்கும் நியாயமான விதி அது. கூட வந்த மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? பக்கத்து அறையில் தங்கியிருக்கும், மொழி ஒத்துப்போகிற, முந்தாநாள் பழக்கமான இன்னொரு குடும்பத்திடம். அவர்களும் நோயாளியோடு வந்தவர்கள்தான். அந்த மனிதர்களின் ஈரத்தால்தான் இத்தனை நாளும் பெரிதாக ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலூர் மாநகராட்சி ஒரு கூடத்தைத் தரட்டும். லாட்ஜ் உரிமையாளர்கள் அறை வாடகையோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து அதற்குக் கொடுக்கட்டும். சிகிச்சைச் சீட்டும் லாட்ஜ் ரசீதும் காட்டுபவரின் பிள்ளையைக் காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை சேர்த்துக்கொள்ளட்டும். வெளிநோயாளிப் பிரிவுக்குப் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருப்பதால் ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம் அவர்களுக்கு உதவாது. ஆயாக்களில் இரண்டு பேருக்காவது வங்காளமோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூட வழி தெரியாமல் ஒரு பிள்ளை அழக் கூடாது. சோறும் பருப்பும் இருந்தால் போதும், தூங்கப் பாய் போதும். இதோடு, சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன்னுடைய ஹோட்டல் தமிழ்நாடு விடுதிகளில் கன்னியாகுமரியிலும் ஊட்டியிலும் சீசன் நாட்களுக்காவது இப்படி ஓர் அறையைத் திறக்கட்டும். 2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. அவற்றில் சில பூட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் காப்பகங்களின் சாவி யாரிடம், திறக்காத நாளில் யாரிடம் புகார் சொல்வது என்பதைத் திறப்பு விழா நடத்தும் முன்பே உத்தரவில் எழுதிவிட வேண்டும்.